அயல்நாட்டுப் படை நுழைவது எப்போது நியாயம்?

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். முள்ளிவாய்க்கால் பற்றிய உங்கள் கட்டுரையில், 2009இல் உலகம் கைகட்டி நின்றதைக் கண்டித்திருந்தீர்கள். ஈராக் போரை எதிர்த்தும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மக்களைக் காக்க அயல்நாட்டுப் படை நுழையலாம் என்றால் எங்கும் நுழையலாம். கூடாது என்றால் எங்குமே கூடாது அல்லவா? என் படிவம் ஆறு மாணவர்கள் இப்படிக் கேட்டபோது என்னால் விடை சொல்ல முடியவில்லை.

ஓர் ஆசிரியை,
பட்டர்வொர்த்

அன்புள்ள ஆசிரியைக்கு,

படுகொலை நடந்துகொண்டிருக்கும்போது, அதைத் தடுக்க வேறு வழி எதுவும் மிஞ்சாதபோது, கொலை நின்றதும் திரும்பிவிடும் உறுதியோடு ஒரு படை நுழையுமானால் அதை நான் ஏற்பேன். ஈராக்கின் ஹலப்ஜா நகரில் சதாம் உசேனின் விமானங்கள் நச்சுவாயுக் குண்டு வீசி ஆயிரக்கணக்கான குர்தியரைக் கொன்றது 1988 மார்ச்சில். அன்று யாரும் படை அனுப்பவில்லை. 2003இல் படை போனபோது அத்தகைய படுகொலை எதுவும் அங்கே நடந்துகொண்டிருக்கவில்லை. காரணமாகச் சொல்லப்பட்ட பேரழிவு ஆயுதங்களும் கிடைக்கவில்லை.

போகிறவரின் உள்நோக்கம் தூயதாக இருக்க வேண்டும் என்று நான் கேட்பதில்லை. 1971இல் இந்தியா தன் நலனையும் கணக்கிட்டுத்தான் இன்று வங்காளதேசமாக இருக்கும் கிழக்கு பாகிஸ்தானுக்குள் போனது. ஆனால் பாகிஸ்தான் படையின் படுகொலைக்கு அஞ்சி ஏறத்தாழ ஒரு கோடி அகதிகள் எல்லை தாண்டி வந்திருந்தார்கள். டிசம்பர் 3ஆம் தேதி தொடங்கிய போர் 16ஆம் தேதி முடிந்தது. மறு ஆண்டு மார்ச்சில் படை விடைபெற்றது. அந்தப் போரின் நடுவில், போரை நிறுத்திப் படைகளைத் திரும்பப் பெறும்படி ஐ.நா. பொதுச்சபையில் 104 நாடுகள் வாக்களித்தன. அந்த வாக்குக்குப் பணிந்திருந்தால் அகதிகள் எந்த வீட்டுக்குத் திரும்பியிருப்பார்கள்?

நம் ஊருக்கு நெருக்கமான சான்று கம்போடியா. போல்பாட் ஆட்சியில் 15 முதல் 20 லட்சம் பேர் மாண்டார்கள். 1979 ஜனவரி 7ஆம் தேதி வியட்நாம் படை நோம்பென்னைப் பிடித்ததும் அந்த ஆட்சி விழுந்தது. மலேசியா உட்பட ஆசியான் நாடுகளுக்கோ மீறப்பட்ட எல்லைதான் பெரிதாகத் தெரிந்தது, ஐ.நா.வில் கம்போடியாவின் இருக்கை போல்பாட்டின் இயக்கமான கெமர் ரூஜிடமே இருந்தது. அவர்களையும் சேர்த்துக்கொண்ட கூட்டணி அரசுக்கான ஒப்பந்தம் 1982 ஜூனில் கையெழுத்தானது இதே கோலாலம்பூரில்தான். இதை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். ஆசியானின் அச்சம் வெறும் கற்பனை என்றும் சொல்ல மாட்டேன்: கொலையை நிறுத்திய வியட்நாம் படை 1989 வரை அங்கிருந்து கிளம்பவில்லை.

படை திரும்பிவிட வேண்டும் என்று நான் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், ஸ்காட் ரோடு கந்தசாமி கோவிலுக்கு நாள் தவறாமல் வரும் ஓர் அம்மா எனக்குக் காட்டிய இரண்டு நீலநிற வான்கடிதங்களால். இரண்டும் யாழ்ப்பாணத்தில் இருந்த அவருடைய தங்கை எழுதியவை. முதலாவது 1987 ஜூனில் வந்தது: இந்திய விமானங்கள் வானிலிருந்து உணவுப் பொதிகளைப் போட்டதையும், பிள்ளைகள் அண்ணாந்து பார்த்துக் கைதட்டியதையும் பொடி எழுத்தில் ஓரம்வரை நிரப்பியிருந்தார். இரண்டாவதில் நான்கே வரிகள். அந்த ஆண்டு தீபாவளியன்று, அமைதி காக்க வந்த இந்தியப் படை யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நுழைந்து சுட்டதில் மருத்துவர்களும் தாதியரும் நோயாளிகளும் இறந்த செய்தி அது. அப்படை கிளம்ப 1990 மார்ச் ஆயிற்று.

இதையெல்லாம் அறிந்தும் 2009ஐ ஏன் கண்டிக்கிறேன்? குண்டு வீச யாரும் வரவில்லையே என்பதல்ல என் கோபம். படைக்கு முன்னால் செய்திருக்க வேண்டிய எதுவும் உருப்படியாகச் செய்யப்படவில்லை. போர் நடந்த வன்னிப் பகுதியிலிருந்து ஐ.நா. பணியாளர்கள் 2008 செப்டம்பரிலேயே வெளியேறினார்கள். பாதுகாப்புச் சபை தன் முறையான நிகழ்ச்சிநிரலில் இலங்கையைச் சேர்க்கவே இல்லை. கடல்வழியோ திறந்துதான் இருந்தது: முல்லைத்தீவுக் கரையிலிருந்து காயமுற்றவர்களும் உடனிருந்தவர்களுமாக 13,000க்கும் மேற்பட்டோரைச் செஞ்சிலுவைச் சங்கம் கப்பலில் ஏற்றிக் காப்பாற்றியது. ஆயுதமற்ற ஒரு சங்கத்தால் இது முடிந்தது. அருகில் கடற்படை வைத்திருந்த அரசுகள் நினைத்திருந்தால், வெள்ளைக்கொடி கட்டிய பத்துக் கப்பல்களை அந்தக் கரைக்கு அனுப்பக் கொழும்பை நெருக்கியிருக்கலாம். மே 9ஆம் தேதிக்குப் பிறகு செஞ்சிலுவைச் சங்கக் கப்பலாலும் கரையை நெருங்க முடியவில்லை.