விவாகரத்தானால் கிரீன் கார்டு போய்விடுமா? – வாசகர் கேள்வி–பதில்

திருமண முறிவு, கிரீன் கார்டு (அமெரிக்க நிரந்தர வசிப்புரிமை அட்டை) இரண்டையும் பற்றி அமெரிக்க வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒவ்வொரு கடிதத்திலும் நாங்கள் முதலில் தேடியது இரண்டு தேதிகளை: கிரீன் கார்டு அனுமதியான தேதி, விவாகரத்துத் தீர்ப்பு இறுதியான தேதி. எது முந்தியது என்பதைப் பொறுத்துப் பதில் தலைகீழாக மாறும்.

என் கணவர் அமெரிக்கக் குடிமகன். என் இரண்டு வருட கிரீன் கார்டு வரும் அக்டோபரில் முடிகிறது. பிரிந்து வாழ்கிறோம், விவாகரத்து வழக்கு நடக்கிறது. “ஐ-751-ல் கையெழுத்துப் போட மாட்டேன், ஒரு மெயில் போட்டால் உன் கார்டு அவ்வளவுதான்” என்கிறார். ஊருக்குத் திரும்ப வேண்டியதுதானா?
– வாசகி, டல்லாஸ்

வேண்டாம். உங்கள் கார்டை ரத்து செய்யும் அதிகாரம் கணவருக்கு இல்லை. அவர் எழுதும் மெயில் கோப்பில் சேரலாம், விசாரணையைக் கிளப்பலாம். அதைத் தாண்டி, உங்கள் வசிப்புரிமையை இறுதியாகப் பறிக்கக் குடியேற்ற நீதிபதியின் உத்தரவு வேண்டும். இந்த மிரட்டலுக்குப் பயந்தே பலர் தங்களுக்கு உரிய விண்ணப்பத்தைப் போடாமல் விட்டுவிடுகிறார்கள். உண்மையான ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

திருமணமாகி இரண்டு ஆண்டு நிறைவதற்குள் வசிப்புரிமை கிடைத்தால் அது நிபந்தனைக் கார்டு. அதில் சி.ஆர்.1 அல்லது சி.ஆர்.6 என்ற குறியீடு இருக்கும். வழக்கமாகக் கணவன், மனைவி இருவரும் கையெழுத்திட்டு, கார்டு முடிவதற்கு முந்தைய 90 நாட்களுக்குள், நிபந்தனையை நீக்கக் கோரும் ஐ-751 படிவத்தை அனுப்ப வேண்டும். அனுப்பாமல் விட்டால் கார்டு முடியும் நாளோடு உங்கள் நிலையும் சட்டப்படி முடிந்துவிடும்.

துணையின் கையெழுத்து இல்லாமல் தனியாகவும் அனுப்பலாம். இதை வெய்வர் என்பார்கள். உண்மையான எண்ணத்தோடு செய்த திருமணம் விவாகரத்தில் முடிந்தது, துணை இறந்துவிட்டார், துணை கொடுமைப்படுத்தினார், நாடு திரும்பினால் மிகக் கடுமையான இன்னல் நேரும் ஆகிய காரணங்களில் பொருந்துவதை எல்லாம் டிக் செய்யலாம். வெய்வருக்கு 90 நாள் கணக்கு கிடையாது, முன்னதாகவும் போடலாம், பின்னாலும் போடலாம். இருந்தாலும் கார்டு முடிவதற்குள் போட்டுவிடுங்கள். ரசீது கையில் வந்தால், காலாவதியான கார்டோடு சேர்த்து அது 48 மாதம் செல்லுபடியாகும். வேலைக்கும் பயணத்துக்கும் அதுவே போதும்.

வழக்கு இன்னும் முடியவில்லை என்பதுதான் உங்கள் சிக்கல். விவாகரத்து என்ற காரணத்தைக் காட்டினால் இறுதித் தீர்ப்பின் நகல் வேண்டும். தீர்ப்பு வராதவர்கள், வழக்கு நிலுவையில் இருப்பதற்கான நீதிமன்ற ஆவணத்தை இணைத்து அனுப்பிவிடலாம். குடியேற்றத் துறையான யூ.எஸ்.சி.ஐ.எஸ். பின்னால் தீர்ப்பு நகல் கேட்டு ஆர்.எஃப்.இ. என்ற கடிதம் அனுப்பும், அதற்குப் பதில் தர அதிகபட்சம் 87 நாள் கிடைக்கும். டெக்சஸில் மனு போட்டு 60 நாள் கழிந்தாலே தீர்ப்பு பெற வழி உண்டு என்பதால் உங்களுக்கு இது சமாளிக்கக்கூடியதே. வட கரோலினாவில் ஓராண்டு பிரிந்து வாழ்ந்த பிறகே வழக்குப் போட முடியும். கலிபோர்னியாவில் மனு எதிர்த்தரப்புக்குச் சேர்ந்ததிலிருந்து ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். அந்த மாநிலங்களில் இருப்பவர்கள் விவாகரத்து வழக்கறிஞரிடம் கார்டு முடியும் தேதியை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும். அடி உதையோ மனக்கொடுமையோ நடந்திருந்தால் அந்தக் கட்டத்தையும் டிக் செய்யுங்கள். அதற்கு விவாகரத்துத் தீர்ப்பே தேவையில்லை.

இனி ஆதாரம். அதிகாரி பார்ப்பது திருமணம் ஏன் முறிந்தது என்பதை அல்ல. தாலி கட்டிய நாளில் இருவருக்கும் சேர்ந்து வாழும் எண்ணம் இருந்ததா என்பதைத்தான். நம்மவர்கள் பெரும்பாலும் கல்யாண ஆல்பத்தை அனுப்பிவிட்டு ஓய்ந்துவிடுகிறார்கள். நிச்சயதார்த்தப் படம், பத்திரிகை, மண்டப ரசீது எல்லாம் நல்லதே. பத்திரிகை தமிழில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பும் மொழிபெயர்த்தவரின் உறுதிமொழியும் சேர வேண்டும். ஆனால் கல்யாணம் நடந்ததை அவை காட்டுமே ஒழிய, குடும்பம் நடத்தியதைக் காட்டாது.

வங்கிக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டுக் கணக்கு தொடங்கிய கடிதத்தை மட்டும் இணைப்பவர்கள் பலர். பெயர் இரண்டு இருந்தும் பணம் போய்வராத கணக்கு சந்தேகத்தைத்தான் கூட்டும். மூன்று மாதத்துக்கு ஒன்றாக ஸ்டேட்மென்ட் எடுங்கள். சம்பளம் விழுவதும், வாடகை, கரண்ட் பில், மளிகைச் செலவு போவதும் தெரிகிற பக்கங்களாக அவை இருக்கட்டும். கணவர் உங்களைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை என்றால் அதையும் மறைக்காமல் உங்கள் வாக்குமூலத்தில் எழுதி, வேறு சான்றுகளால் ஈடுகட்டுங்கள்: இருவர் பெயரிலும் உள்ள வாடகை ஒப்பந்தம், கூட்டாகத் தாக்கல் செய்த வருமான வரிக்கு வரித் துறையான ஐ.ஆர்.எஸ். தரும் டிரான்ஸ்கிரிப்ட், மருத்துவக் காப்பீட்டு அட்டை, சேர்ந்து போன பயணங்களின் டிக்கெட், பிரிவதற்கு முன் கவுன்சலிங் போன ரசீது. உங்கள் இருவரையும் அறிந்த இரண்டு பேரின் உறுதிமொழிக் கடிதமும் வேண்டும். “நல்ல ஜோடி” என்று எழுதித் தந்தால் பயனில்லை. எந்த ஆண்டு, எந்த வீட்டில், எதைப் பார்த்தார்கள் என்று எழுத வேண்டும்.

இன்னொன்று. கணவர் தரப்பு மனுவில் “கிரீன் கார்டுக்காகவே என்னை மணந்தாள்” என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பதில் மனு போடாமல் விடாதீர்கள். நீங்கள் ஆஜராகாமல் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகி, மோசடித் திருமணம் என்று அதில் பதிவாகிவிட்டால் ஐ-751 அங்கேயே தடுமாறும். கருத்து வேற்றுமை என்ற பொதுக் காரணத்தில் முடிகிற தீர்ப்புதான் உங்களுக்குப் பாதுகாப்பு.

கணவர் எச்-1பி வேலை விசாவில், நான் அவரைச் சார்ந்த எச்-4 விசாவில் இருக்கிறோம். அவர் கம்பெனி மூலம் ஐ-485 என்ற கிரீன் கார்டு விண்ணப்பம் போட்டு இருவரும் காத்திருக்கிறோம். இப்போது பரஸ்பர விவாகரத்து பேசுகிறார். சம்மதிக்கலாமா?
– வாசகி, நியூஜெர்சி

தேதியைப் பார்க்காமல் சம்மதிக்காதீர்கள். உங்கள் விண்ணப்பம் அவருடைய விண்ணப்பத்தின் நிழலில் நிற்கிறது. கார்டு அனுமதியாவதற்கு முன் தீர்ப்பு வந்தால் உங்கள் ஐ-485 தள்ளுபடியாகும். அதை வைத்து வாங்கிய வேலை அனுமதி அட்டையும் போகும். எச்-4 நிலை தீர்ப்பு இறுதியாகும் அன்றே முடியும். வேலை போனால் கிடைக்கிற 60 நாள் அவகாசம் விவாகரத்துக்குக் கிடையாது. மாறாக, இருவருக்கும் கார்டு வந்த பிறகு விவாகரத்தானால் உங்கள் கார்டுக்கு ஒன்றும் ஆகாது. வேலைவழிக் கார்டுக்கு ஐ-751 என்ற கட்டமும் இல்லை. அதற்காகப் பிரிந்த வாழ்க்கையை மறைத்து, சேர்ந்திருப்பதாகப் பொய் சொல்வது வேறு விஷயம், அதைச் செய்யாதீர்கள்.

காத்திருக்க முடியாத நிலை என்றால், தீர்ப்பு வருவதற்கு முன்பே ஐ-539 மூலம் மாணவர் விசா போன்ற வேறு நிலைக்கு மாற விண்ணப்பித்துவிடுங்கள். முன்பு நீங்களே எச்-1பியில் இருந்திருந்தால் அந்த விசாவுக்கு உரிய ஆறு ஆண்டில் மிச்சமிருக்கும் காலத்துக்கு, எச்-1பிக்கான புதிய குலுக்கல் இல்லாமலே கம்பெனி மனுச் செய்யலாம். எச்-4 மனைவி கொடுமைக்கு ஆளானால் ஐ-765வி என்ற தனிப் படிவத்தில் வேலை அனுமதி கேட்கலாம்.

தம்பதியில் ஒருவர் இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் அல்லது வளைகுடாவில் பிறந்த குடும்பங்கள் நம்மிடையே நிறைய உண்டு. கிரீன் கார்டு வரிசை பிறந்த நாட்டைப் பொறுத்தது. இந்தியாவில் பிறந்தவர், துணை பிறந்த நாட்டின் வரிசையைப் பயன்படுத்தி முந்தியிருந்தால், அனுமதிக்கு முன் விவாகரத்தானதும் அவரும் இந்திய வரிசைக்கே திரும்ப வேண்டியதுதான். விவாகரத்துக்கு அவசரப்படும் கணவர்கள் இதை யோசிப்பதில்லை.

பத்து வருடக் கார்டு இருக்கிறது. விவாகரத்தாகிவிட்டது. புதுப்பிக்க முடியுமா? குடியுரிமை?
– வாசகர், அட்லாண்டா

தாராளமாகப் புதுப்பிக்கலாம். ஐ-90 படிவத்தில் திருமணம் நீடிக்கிறதா என்ற கேள்வியே இல்லை. மாறுவது குடியுரிமைக் கணக்கு. குடிமகளை மணந்தவருக்கு உள்ள மூன்று ஆண்டுச் சலுகை, மணவாழ்வு தொடர்ந்தால் மட்டுமே. குடியுரிமை விண்ணப்பமான என்-400 போட்ட பிறகு, உறுதிமொழி எடுப்பதற்குள் விவாகரத்தானாலும் அந்தச் சலுகை போய்விடும். இனி உங்களுக்கு ஐந்து ஆண்டுக் கணக்கு. அது நிறைவதற்கு 90 நாள் முன்பே விண்ணப்பிக்கலாம். அப்போது அதிகாரி பழைய திருமணக் கோப்பையும் திறந்து பார்ப்பார். விவாகரத்து மனுவில் உள்ள பிரிந்த தேதியும் நீங்கள் வாயால் சொல்லும் தேதியும் ஒன்றாக இருக்கட்டும்.

நான் அமெரிக்கக் குடிமகன். மனைவிக்கு நான்தான் கிரீன் கார்டு வாங்கிக் கொடுத்தேன். இப்போது பிரிகிறோம். என் ஸ்பான்சர்ஷிப்பைத் திரும்பப் பெறலாமா?
– வாசகர், சிகாகோ

கார்டு வருவதற்கு முன் என்றால் முடிந்திருக்கும். வந்த பிறகு முடியாது. ஸ்பான்சராக நீங்கள் கையெழுத்திட்ட ஐ-864 படிவம் அரசுடன் செய்த ஒப்பந்தம், விவாகரத்து அதை முடிப்பதில்லை. மனைவியின் வருமானம் மத்திய அரசின் வறுமைக்கோட்டு அளவில் 125 சதவீதத்துக்குக் கீழே போனால், குறையும் தொகையைக் கேட்டு அவர் உங்கள்மீது வழக்குப் போடலாம். குடும்ப நீதிமன்றம் தீர்மானிக்கும் ஜீவனாம்சம் தனி, இது தனி. அவர் குடியுரிமை பெறுவது, அவர் கணக்கில் 40 காலாண்டு வேலை சேர்வது, வசிப்புரிமையை விட்டு நாட்டைவிட்டு நிரந்தரமாகப் போவது, இருவரில் ஒருவர் இறப்பது ஆகியவற்றில் ஒன்று நடக்கும்வரை பொறுப்பு உங்களுடையது. வீடு மாறினால் 30 நாளுக்குள் புது முகவரியைத் தெரிவிக்கும் ஐ-865 படிவத்தை அனுப்ப வேண்டும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கோபத்தில் “மோசடித் திருமணம்” என்று எழுதி அனுப்ப நினைத்தால் நிதானியுங்கள். அந்தக் குற்றத்துக்கு ஐந்தாண்டு வரை சிறையும் 2,50,000 டாலர் வரை அபராதமும் உண்டு. விசாரணை வந்தால் திருமணத்தின் இரு பக்கத்தையும் தோண்டுவார்கள். மனுக்களில் உண்மை என்று உறுதிகூறிக் கையெழுத்திட்டவர் நீங்களும்தான்.

மருமகன் எங்கள் மகளை லீவுக்கு என்று அழைத்துவந்து சென்னையில் விட்டுவிட்டுத் திரும்பிவிட்டார். பாஸ்போர்ட், கிரீன் கார்டு இரண்டும் அவரிடம். நான்கு மாதமாகிறது.
– ஒரு தாய், மேற்கு மாம்பலம்

நாட்களை எண்ணத் தொடங்குங்கள் அம்மா, இங்கே கெடு ஓராண்டு. மறுநுழைவு அனுமதி இல்லாமல் ஓராண்டுக்கு மேல் வெளியே தங்கினால் கார்டைக் காட்டி உள்ளே போக முடியாது.

முதலில் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீதாவது வாங்குங்கள். அதை வைத்து பாஸ்போர்ட் சேவா மையத்தில் மறு பாஸ்போர்ட். பிறகு ஐ-131ஏ படிவம்: ஆன்லைனில் பணம் கட்டி, அமெரிக்கத் தூதரகத்தில் மகள் நேரில் கொடுக்க வேண்டும். கார்டு இல்லாமலே விமானம் ஏற அனுமதிக்கும் முத்திரை அதன்மூலம் கிடைக்கும். போன டிக்கெட்டும் திரும்பும் டிக்கெட்டும் சேர்ந்த பதிவு, கணவருக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள், அங்குள்ள வங்கிக் கணக்கு எல்லாம் அவர் திரும்பும் எண்ணத்தோடுதான் வந்தார் என்பதற்குச் சாட்சி. ஓராண்டு கடந்துவிட்டால் எஸ்.பி.-1 என்ற விசா ஒன்றுதான் வழி. தன் கைமீறிய காரணத்தால் தங்க நேர்ந்தது என்று நிரூபிக்க வேண்டும், அது கடினம்.

ஐ-407 என்ற படிவத்தை யார் நீட்டினாலும் மகள் கையெழுத்திடக் கூடாது. வசிப்புரிமையைத் தானாக விட்டுக்கொடுக்கும் படிவம் அது. விவாகரத்து நோட்டீஸ் கட்டோடு சேர்த்து நீட்டினாலும் தனித்தனியாகப் படித்துப் பாருங்கள். கொடுமை நடந்திருந்தால் நியூஜெர்சியின் மானவி, கலிபோர்னியாவின் மைத்ரி போன்ற தெற்காசியப் பெண்கள் அமைப்புகளின் உதவியை நாடலாம்.

தமிழ்நாட்டில் நடந்த கல்யாணம். விவாகரத்து இங்கே வாங்குவதா, அங்கேயா? ஊர்ப் பெரியவர்கள் முன் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக்கொண்டால் போதாதா?
– வாசகர், ஹூஸ்டன்

ஸ்டாம்ப் பேப்பரை நம்பி ஐ-751 போட்டால் நிராகரிப்புதான் வரும். நீதிமன்றத் தீர்ப்பு வேண்டும். அமெரிக்கத் தீர்ப்போ, சென்னைக் குடும்பநல நீதிமன்றத் தீர்ப்போ, எதுவானாலும் சான்றிட்ட நகலைக் குடியேற்றத் துறை ஏற்கும். இந்தியப் பக்கம்தான் கவனம் தேவை. இந்துத் திருமணச் சட்டத்தில் இல்லாத காரணத்துக்காக, எதிர்த்தரப்பு ஆஜராகாமல் வாங்கிய வெளிநாட்டுத் தீர்ப்பு இந்தியாவில் செல்லாது என்று 1991-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதை மறந்து மறுமணம் செய்தவர்கள் இரட்டைத் திருமண வழக்கில் மாட்டலாம். இருவரும் சம்மதித்தால் அந்தச் சட்டத்தின் 13-பி பிரிவில் (பரஸ்பர சம்மத விவாகரத்து) வாங்குவதே சுத்தம். ஓராண்டு பிரிந்திருக்க வேண்டும். அடுத்த ஆறு மாதக் காத்திருப்பைத் தகுந்த வழக்கில் நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் தீர்ப்பு உண்டு.

விவாகரத்துக்குப் பின் ஊரில் மறுமணம் செய்து அழைத்துவரலாமா?
– வாசகி, சான் ஹோசே

அழைத்துவரலாம். திருமணம் மூலம் கார்டு பெற்றவர், ஐந்தாண்டு முடிவதற்குள், குடிமகளாகாமல் புதுத் துணையை அழைக்க ஐ-130 மனுப் போட்டால், பழைய திருமணம் உண்மையானதே என்று வலுவான சான்றுகளோடு மீண்டும் நிரூபிக்க வேண்டும். பழைய ஐ-751 கட்டின் முழு நகலை, அதில் வைத்த வங்கிக் காகிதம் ஒன்று விடாமல், எடுத்து வைத்திருந்தால் அதையே திரும்ப இணைக்கலாம். குடியுரிமை பெற்ற பிறகு மனுப் போட்டால் இந்த நிபந்தனை இல்லை.