என் 10 வயது மகன் 2 மாதமாக உடற்பயிற்சி செய்தும் எடை குறையவில்லை. நிறுத்திவிடலாமா?

நிறுத்தாதீர்கள். எடை மெஷினை மட்டும் பார்த்துவிட்டுத்தான் இதைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் மகளுக்கு அப்போது 11 வயது, 52 கிலோ. பின்கழுத்தில் கருப்பாகப் பட்டை போல இருந்தது. அழுக்கு என்று நினைத்து ஞாயிறுதோறும் பயத்தமாவு போட்டுத் தேய்ப்பேன். ஒருநாள் பீர்க்கங்காய் நாரால் தேய்த்ததில் தோல் சிவந்துபோய், "வலிக்குதும்மா, அது போகாதும்மா" என்று அழுதாள். அப்புறம் காய்ச்சலுக்குக் காட்டப் போனபோது குழந்தை மருத்துவர் அந்தக் கழுத்தைப் பார்த்துவிட்டு, "இது அழுக்கு இல்லம்மா, இன்சுலின்" என்றார். வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்தோம். சர்க்கரை சரியாக இருந்தது. ரத்தத்துச் சர்க்கரையை உடம்பின் செல்களுக்குள் அனுப்ப கணையம் சுரக்கும் ஹார்மோன்தான் இன்சுலின். அது 28, மிக அதிகம். சொந்தக்காரர்கள் எல்லோரும் சொன்ன தைராய்டு கோளாறு இல்லை.

அவர் சொன்னது இதுதான்: கொழுப்பு சேரச் சேர, தசையும் கல்லீரலும் இன்சுலின் பேச்சைக் கேட்பதில்லை. அதை ஈடுகட்டக் கணையம் மேலும் மேலும் சுரக்கிறது. அதனால் சர்க்கரை பல வருடம் நார்மலாகவே காட்டலாம். மிஞ்சிய இன்சுலின் தோலைத் தூண்டித்தான் கழுத்தும் அக்குளும் கறுக்கின்றன. ஆனால் ஓடி ஆடும் தசை, இன்சுலின் வந்து தெருக்கதவைத் தட்டட்டும் என்று காத்திருப்பதில்லை. கொல்லைக்கதவைத் திறந்து சர்க்கரையைத் தானே உள்ளே எடுத்துக்கொள்கிறது. விளையாடி முடித்த பிறகும் ஒரு நாள், இரண்டு நாள் தசை இன்சுலினுக்கு நன்றாக இணங்கும். அப்புறம் பழைய கதைதான். ஞாயிறு மட்டும் ஓட விட்டால் போதாது என்பது அதனால்தான். 5 முதல் 17 வயதுவரை தினமும் சராசரியாக 60 நிமிடம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

லெப்டின் என்று ஒன்று உண்டு. கொழுப்பு செல்கள் சுரப்பது. போதும், சாப்பிட்டது போதும் என்று மூளைக்குச் சொல்வது. குண்டான பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அது அதிகமாகவே இருக்கிறது, சொல்வதுதான் மூளைக்கு எட்டுவதில்லை. "வாயைக் கட்டுடி" என்று அவளைத் திட்டியதெல்லாம் இதைத் தெரிந்துகொண்ட பிறகு என்னைக் குத்தியது.

மொட்டை மாடியில் ஸ்கிப்பிங், தெருவில் சைக்கிள், மழை நாளில் என்னோடு மாடிப்படி. 6 மாதம் கழித்தும் எடை அதே 52. "பிள்ளையை எதுக்குப் போட்டு வதைக்கிற" என்றார் மாமியார். ஆனால் உயரம் 3 செ.மீ. கூடியிருந்தது. பள்ளிப் பாவாடை இடுப்பில் நிற்காமல் ஊக்கு குத்தி அனுப்பினேன். இன்சுலின் 17க்கு வந்திருந்தது. வளரும் பிள்ளைக்கு எடை ஏறாமல் நின்றாலே முன்னேற்றம் என்றார் மருத்துவர். கழுத்து வெளுக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

சாப்பாட்டைப் பற்றிப் பேசவே இல்லையே என்று யாராவது வருவீர்கள். சத்துமாவுக் கஞ்சியில் போட்ட சர்க்கரையையும் மாலை நேர பிஸ்கட்டையும் நிறுத்தினோம்தான். நான் மருத்துவரும் இல்லை, உங்கள் மகனுக்கும் இதே எண்கள் வரும் என்று சொல்லவும் இல்லை. அவன் கழுத்தை ஒருமுறை பாருங்கள், கறுத்திருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். தேய்க்காதீர்கள்.

ஒன்றை மட்டும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவள் படித்த பள்ளியில் விளையாட்டு தினத்தன்று ஓட்டப்பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தவளை, "நீ தண்ணி பாட்டில் எடுத்துக் கொடு" என்று ஓரத்தில் நிற்க வைத்தார்கள். யாருக்கு ஓட்டம் அதிகம் தேவையோ அந்தப் பிள்ளையை! போய்க் கேட்டதற்கு, மற்ற பிள்ளைகள் கேலி செய்வார்களே என்றார்கள். கேலி செய்பவர்களை அல்லவா கண்டித்திருக்க வேண்டும்? வாரம் 2 பி.டி. பீரியட் என்று அட்டவணையில் இருந்தது. நோட்டைப் புரட்டினால் அந்த நேரத்தில் கணக்கு நடந்திருக்கும்.