மனச்சோர்வு இருக்கும்போது எழுதவோ வரையவோ ஏன் முடிவதில்லை?

எழுத வேண்டும், வரைய வேண்டும் என்ற ஆசை இருந்தும் கை நகராத நிலையைத்தான் படைப்புத் தடை என்கிறோம். எல்லோருக்கும் எப்போதாவது வருவதுதான். மனச்சோர்வு நோயோடு சேர்ந்து வரும்போது வாரக்கணக்கில் நீளும்.

மனச்சோர்வு துக்கத்தை மட்டும் கொண்டுவருவதில்லை. பிடித்த வேலையில் கிடைக்கும் இன்பத்தைக் குறைக்கிறது, கவனத்தைச் சிதறடிக்கிறது, தூக்கத்தைக் கெடுக்கிறது. அப்புறம், எழுதும் ஒவ்வொரு வரியையும் ‘இது குப்பை’ என்று தள்ளும் எண்ணத்தையும் வளர்த்துவிடுகிறது. வோல்டேஜ் குறைந்த நேரத்தில் மிக்ஸி சுற்றத் திணறுவது போலத்தான். மிக்ஸி பழுதாகவில்லை, வேண்டிய மின்சாரம் வரவில்லை. திறமையே போய்விட்டதோ என்று பயப்படுகிறவர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

உற்சாகம் வந்தபின் தொடங்கலாம் என்று காத்திருந்தால் நாள்கள்தான் போகும். சிறு செயலை முதலில் செய்யவைப்பது மனச்சோர்வுக்கான சிகிச்சை முறைகளில் ஒன்று. மனநிலை பின்னால் மெல்லத் தேறும். பத்து நிமிடத்தில் இரண்டு வரிதான் வந்ததா, சரி, அன்றைக்கு அது போதும். சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். இந்தியாவில் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணான 14416-இல் தமிழிலும் பேசலாம்.

‘வேதனைதான் கலையைத் தருகிறது, குணமானால் கலை போய்விடும்’ என்று பலர் நம்புவது தவறு: 1889-இல் பிரான்ஸின் சான் ரெமி மனநலக் காப்பகத்தில் சேர்ந்த ஓவியர் வான் கோ, நோய் முற்றிய வாரங்களில் பெரும்பாலும் வரைய முடியாமல்தான் இருந்தார், அங்கே அவர் தீட்டிய ஓவியங்களில் மிகப் பல மனம் தெளிந்திருந்த நாள்களில் பிறந்தவை.