நூறு வரை சொல்லுகிறாள், மூன்று பிஸ்கட் எடுக்கத் தெரியவில்லை

வணக்கம் ரீச்சர்,

என் மகளுக்கு அடுத்த மாதம் நான்கு வயது. நூறு வரைக்கும் தடக்காமல் சொல்லுவாள். மொண்டிசோரியில் கெட்டிக்காரி என்கிறார்கள். போன கிழமை “அப்பாவுக்கு மூண்டு பிஸ்கட் எடுத்துக்கொண்டு வா” என்றேன். கை கொள்ளுமட்டும் அள்ளிக்கொண்டு வந்தாள். எண்ணச் சொன்னேன், ஏழு வரை ஒவ்வொன்றாகத் தொட்டுச் சரியாக எண்ணினாள். “அப்ப எத்தனை?” என்று கேட்டதும் திரும்பவும் ஒன்றிலிருந்து தொடங்கிவிட்டாள்.

சின்னப் பிள்ளைகளுக்குப் படப் புத்தகம் வாசித்தால் கணக்கு வரும் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். அதை நம்பி எண் புத்தகங்கள் நாலு வாங்கினேன், எல்லாம் ஆங்கிலம். பக்கத்தைத் திறந்ததும் இலக்கத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறாள். நான் எங்கே பிழை விடுகிறேன்? எந்த மொழியில் எண்ணச் சொல்லுவது?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு அம்மா

*

அன்புத் தங்கைக்கு,

நீங்கள் பிழை ஒன்றும் விடவில்லை. உங்கள் கடிதத்தில் ஒரு வரியை நான் மூன்று தரம் வாசித்தேன். “எத்தனை?” என்றதும் திரும்பவும் ஒன்றிலிருந்து தொடங்கினாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அநேகமான அம்மாக்கள் இதைக் கவனிப்பதில்லை. ஏழு வரை எண்ணியதைக் கேட்டதும் கைதட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

உங்கள் மகளுக்கு இப்போதைக்கு “எத்தனை” என்றால் “எண்ணு” என்று அர்த்தம். எண்ணுவது அவளுக்கு ஒரு பாட்டு. வரிசை பிசகாது, ஒரு பிஸ்கட்டுக்கு ஒரு சொல் என்பதும் தெரியும். கடைசியாகச் சொன்ன “ஏழு” அந்தக் கடைசி பிஸ்கட்டின் பெயரல்ல, முன்னால் கிடக்கிற அத்தனையினதும் தொகை என்பதுதான் இன்னும் விளங்கவில்லை. கெல்மன், கலிஸ்டெல் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1978இல் வெளியிட்ட நூலில், எண்ணுதலுக்குள் ஒளிந்திருக்கும் ஐந்து விதிகளைப் பிரித்துக் காட்டினார்கள். பெரியவர்களுக்கு அவை எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். பிள்ளை ஒவ்வொன்றாகத்தான் பிடிக்கிறது.

நீங்கள் பிஸ்கட்டை வைத்துச் செய்ததையே கரன் வின் என்ற ஆய்வாளர் 1990களின் தொடக்கத்தில் விளையாட்டுச் சாமான்களை வைத்துச் செய்தார். “மூன்று தா” என்றால், அழகாக எண்ணத் தெரிந்த பிள்ளைகளே கைநிறைய அள்ளிக் கொடுத்தார்கள். முதலில் “ஒன்று” விளங்குகிறது. மாதக்கணக்கில் கழித்து “இரண்டு”. பிறகு “மூன்று”. அதற்குப் பிறகு ஒருநாள் எண்ணுதலின் சூட்சுமம் முழுவதும் பிடிபட்டுவிடுகிறது. பொதுவாக மூன்றரைக்கும் நான்கரைக்கும் இடையில் நடக்கிற காரியம் இது. ஆகையால் மகள் பிந்தவில்லை. இந்த வயதில் நூறு வரை எழுதச் சொல்லி ஒற்றை ஒற்றையாக வீட்டுவேலை கொடுக்கிற வழக்கத்தைத்தான் நான் முழுமனதோடு எதிர்க்கிறேன். மூன்று என்றால் என்ன என்று தெரியாத பிள்ளைக்கு தொண்ணூற்றாறு எதற்கு?

இனிப் புத்தகத்துக்கு வருவோம். காலி வீதியில் நின்றுகொண்டு “100 வருது” என்கிறோம். நூறு என்ன என்று யாரும் கேட்பதில்லை, அது பஸ்ஸின் பெயர். பின்னால் வருகிற 101 அதைவிட ஒன்று கூடியதும் அல்ல. பக்கத்தின் மூலையில் பெரிதாக 5 என்று அச்சடித்த எண் புத்தகத்தில் உங்கள் மகளுக்கு நடப்பதும் இதுதான். விடையை முதலே ஒட்டிவைத்திருக்கிறார்கள். ஐந்து மீனையும் பார்க்க அவளுக்குத் தேவை ஏதும் இல்லை, பலகையை வாசித்துவிட்டுப் போகிறாள்.

அந்தப் புத்தகங்களை வீச வேண்டாம். இலக்கத்தின் மேல் உங்கள் பெருவிரலை வைத்து மறைத்துக்கொண்டு, படத்தைக் காட்டி முதலில் தொகையைச் சொல்லுங்கள்: “இஞ்ச பார், மூண்டு மீன்.” உடனே, வேறு கதைக்குப் போகாமல், தொட்டுத் தொட்டு எண்ணுங்கள்: “ஒண்டு, ரெண்டு, மூண்டு. மூண்டு மீன்.” தொகையும் எண்ணுதலும் ஒரே மூச்சில் வர வேண்டும். கெலி மிக்ஸும் அவரோடு சேர்ந்தவர்களும் 2012இல் வெளியிட்ட ஆய்வில் மூன்றரை வயதுப் பிள்ளைகளோடு இதைச் செய்து பார்த்தார்கள். எண்ணிக்காட்டுவதை மட்டும் பார்த்த பிள்ளைகளும், தொகையை மட்டும் கேட்ட பிள்ளைகளும் முன்னேறவில்லை. தொகையைச் சொல்லி உடனே எண்ணியும் காட்டியபோதுதான் விளங்கத் தொடங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு போதும். பத்து மீன் உள்ள பக்கம் பத்திரமாக இருக்கட்டும், பிறகு பார்க்கலாம்.

ஒரு வாசிப்புக்கு ஒரு கேள்விக்கு மேல் கேட்காதீர்கள். அவள் பக்கத்தைத் திருப்பினால் நீங்களும் திரும்பிவிடுங்கள். பக்கத்துக்குப் பக்கம் “எத்தனை? எத்தனை?” என்று கேட்டால் புத்தகமும் சோதனைத்தாள் ஆகிவிடும்; பிறகு கதை கேட்கவும் வரமாட்டாள்.

மொழி: தமிழ்தான். இதில் எனக்கு இரண்டு மனம் இல்லை. இலெவன், டுவெல்வ் என்ற சொற்களுக்குள் பத்து இருப்பது பிள்ளையின் காதுக்குக் கேட்காது. பதினொண்டில் பத்தும் ஒண்டும் கேட்கும், இருபத்திமூண்டில் இருபதும் மூண்டும் அப்படியே கிடக்கும். ஒன்பதும் தொண்ணூறும் மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். என்றாவது மகள் இருபத்தொன்பதுக்குப் பிறகு “இருபத்திப்பத்து” என்று சொன்னால் திருத்த அவசரப்படாதீர்கள். பாடமாக்கிய பிள்ளை அப்படிச் சொல்லாது, தானாகக் கட்டிப் பார்க்கிற பிள்ளைதான் சொல்லும். ஆங்கிலப் புத்தகத்தையும் படத்தைப் பார்த்துத் தமிழில் சொல்லுங்கள். கருத்துப் பிடிபட்டபின் ஆங்கிலச் சொற்கள் தானாக வந்து சேரும்.

தமிழ்ப் படப் புத்தகம் வேண்டுமானால் உங்களுக்கு நடந்துபோகிற தூரத்தில் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம் இருக்கிறது. விகாரமகாதேவி பூங்காவுக்கு முன்னால் பொது நூலகத்தில் சிறுவர் பகுதி இருக்கிறது. இந்தியப் பதிப்பகமான பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாக எடுக்கலாம். இந்தியத் தமிழ் வந்தால் வாசிக்கும்போது நம் பேச்சுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். எண் புத்தகம் என்று தேடாதீர்கள், நல்ல கதையாகத் தேடுங்கள். களவுபோவது, பங்குபோடுவது, ஒன்றுக்குள் ஒன்று அடங்குவது, யார் பெரிது என்று அளப்பது எல்லாம் கணக்குத்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது சிபில் வெத்தசிங்கவின் ‘குட ஹொரா’, அதாவது ‘குடைக் கள்வன்’. 1956இல் சிங்களத்தில் வந்தது. குடையே இல்லாத ஒரு கிராமம், மழைக்கு வாழையிலையைத் தலையில் பிடிக்கிற சனம். கிரிமாமா பட்டணத்துக்குப் போய் ஒரு குடை வாங்கி வருகிறார். வழியில் கோப்பி குடிக்க நிற்கையில் அது களவுபோகிறது. இன்னொன்று வாங்குகிறார், அதுவும் போகிறது. கடைசியில் குடைக்குள் கடதாசித் துண்டுகளைப் போட்டுவைத்து, அவை சிந்திய வழியே போனால், ஒரு மரத்தில் எல்லாக் குடைகளும் தொங்குகின்றன.

என் தமையனின் பேத்திக்கு நாலரை வயது. ஒரு ஞாயிறு பின்னேரம், நல்ல மழை, இந்தக் கதையை நாலாம் தரமாகத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். மரத்துப் பக்கம் வந்ததும் விரலால் எண்ணத் தொடங்கினாள். குடைகள் சிதறிக் கிடப்பதால் எண்ணியதையே திரும்ப எண்ணினாள், விட்டதை விட்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. குசினியிலிருந்து ஒரு பிடி புளியங்கொட்டை கொண்டுவந்து பக்கத்தில் வைத்தேன். அவளாகவே ஒரு குடைக்கு ஒரு கொட்டை வைத்தாள். ஒன்று உருண்டு பாய்க்குக் கீழே போனது. வெறுமையாய்க் கிடந்த குடையைப் பார்த்து “இதுக்கு இல்லை” என்று தேடி எடுத்து வந்தாள்.

கிரிமாமா ஒன்றை மட்டும் கள்வனுக்கு விட்டுவிட்டு மற்றக் குடைகளை எடுத்துக்கொண்டு போகிற இடம் வந்தது. கொட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தன் சட்டை மடியில் போட்டாள். கடைசிக் கொட்டைக்குக் கை போனது. நின்றது.

“ஏன், அதையும் எடன்” என்றேன்.

“வேண்டாம் அம்மம்மா. குரங்குக்கு ஒண்டு காணும்.”