டெஸ்க்டாப்புக்குப் பதிலாக ஒரு லேப்டாப்: பெயரைவிட வாட்டைப் பாருங்கள்

கேள்வி: ஈரோட்டில் திருமண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். ஆறாம் தலைமுறை ஐ5, ஜிடிஎக்ஸ் 1060 போட்ட டெஸ்க்டாப்தான் இதுவரை ஓடியது. இப்போது சோனி ஏ7 மார்க் 4 கேமராவில் 4கே 25 பிரேமில் எடுக்கிறோம். பிரீமியர் ப்ரோவில் போட்டால் டைம்லைன் நின்று நின்று ஓடுகிறது. காலை முகூர்த்தத்தை மாலை ரிசப்ஷன் திரையிலேயே காட்டச் சொல்கிறார்கள், அதனால் மண்டபத்துக்கும் தூக்கிப் போக வேண்டும். 1,75,000 ரூபாய் வரை செலவு செய்யலாம். டெஸ்க்டாப்பை விட்டுவிட்டு லேப்டாப்பை மட்டும் நம்பலாமா?

பதில்: நம்பலாம். மண்டபத்தில் உட்கார்ந்து எடிட் செய்ய வேண்டும் என்கிறபோது உங்களுக்கு வேறு வழியும் இல்லை. ஆனால் கடைக்காரர் சொல்லும் சில்லுப் பெயர்களை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள்.

என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5070 என்ற கிராபிக்ஸ் சில்லுப் பெயர் டெஸ்க்டாப்பிலும் உண்டு, லேப்டாப்பிலும் உண்டு. டெஸ்க்டாப் அட்டையில் 6144 கூடா கோர்கள் (கணக்குப் போடும் சிறு அலகுகள்), 12 ஜிபி நினைவகம், 250 வாட் மின்சாரம். லேப்டாப்பில் இருப்பது 4608 கோர்கள், 8 ஜிபி. மின்சாரமோ தயாரிப்பாளர் விருப்பப்படி 50 வாட்டிலிருந்து 100 வாட் வரை. ஒல்லியான உடம்பில் 60 வாட்டோடு கட்டிப்போட்ட 5070-ஐவிட, தடியான உடம்பில் 100 வாட் முழுவதும் கிடைக்கும் 5060 சில வேலைகளில் முந்திவிடும். பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இந்த எண் இருக்காது. நிறுவனத்தின் இணையதளத்தில் அந்த மாடலின் விவரப் பக்கத்தில் டிஜிபி (கிராபிக்ஸ் சில்லுக்குக் கிடைக்கும் வாட்) என்று தேடிப் பாருங்கள். அங்கேயும் இல்லையென்றால் அடாப்டரைக் கவனியுங்கள். கிராபிக்ஸுக்கு 100 வாட், பிராசஸருக்கு 60, 70 வாட், அப்புறம் திரை, விசிறி என்று கூட்டினால் 200 வாட் பக்கம் வந்துவிடும். 230 வாட் அடாப்டரோடு வரும் இயந்திரம் கனமாகத்தான் இருக்கும். உங்களுக்கு வேண்டியது அதுதான்.

அடுத்தது உங்கள் கேமரா. டைம்லைன் நின்று ஓடுவதற்குப் பழைய டெஸ்க்டாப் மட்டும் காரணமில்லை. இந்தக் கேமராவில் எக்ஸ்ஏவிசி எச்எஸ் என்ற எச்.265 வீடியோச் சுருக்க வடிவத்தில் 25 பிரேம் கிடையாது. 25 பிரேமில் எடுக்கிறீர்கள் என்றால் எக்ஸ்ஏவிசி எஸ், அதாவது எச்.264-இல்தான் பதிவாகிறது. அதையும் நல்ல வண்ணத்துக்காகப் பெரும்பாலோர் நிற விவரம் கூடுதலாகப் பதிவாகும் 4:2:2 10-பிட்டில் வைத்திருப்பார்கள். 13, 14-ஆம் தலைமுறை இன்டெல் சில்லுகளுக்குள் வீடியோவுக்கென்றே இருக்கும் குவிக் சிங்க் என்ற பகுதி, சுருக்கிய எச்.265 4:2:2-ஐ எளிதாகப் பிரித்துவிடும், எச்.264 4:2:2 அதற்கு வராது. என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 40 வரிசை வரைக்கும் இந்த இரண்டுமே வராது. 50 வரிசையில்தான் இரண்டையும் சேர்த்தார்கள். அதனால்தான் உங்களுக்கு 40 வரிசை லேப்டாப் தள்ளுபடியில் கிடைத்தாலும் வேண்டாம் என்கிறேன். விளையாட்டுக்கு வாங்குபவருக்கு அது நல்ல பேரமாக இருக்கலாம். உங்கள் காட்சிகளுக்கு உதவாது.

உங்கள் பட்ஜெட் 5060-க்கும் 5070-க்கும் நடுவில் நிற்கும். லேப்டாப்பில் இரண்டிலும் கிராபிக்ஸ் நினைவகம் 8 ஜிபிதான் என்பதால், 5070-க்குத் தாவப் பணம் போதாவிட்டால் கவலை வேண்டாம். அந்தப் பணத்தை ரேமிலும் எஸ்எஸ்டியிலும் போடுங்கள். பிராசஸர் எச்எக்ஸ் (அதிக வாட் இழுக்கும், வேகமான லேப்டாப் வகை) இன்டெல்லாக இருக்கட்டும். ஐ7-14650எச்எக்ஸ் போதும், ஐ9 வேண்டாம். உள்ளே கூடுதலாகச் சூடுதான் சேரும். ரேம் 32 ஜிபி, இரண்டு 16 ஜிபி குச்சிகளாக. ஒரே குச்சி போட்டு விற்கும் மாடல்களில் நினைவக வேகம் பாதியாகிவிடும். பலகையோடு பற்றவைத்த ரேம் என்றால் தள்ளிவிடுங்கள், பின்னால் கூட்ட முடியாது. எம்.2 எஸ்எஸ்டிக்கு இரண்டு இடம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஒன்றில் விண்டோஸும் மென்பொருளும், மற்றதில் நடப்புக் கல்யாணம்.

மேக்புக் ப்ரோ பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பிளக்கைப் பிடுங்கினாலும் வேகம் குறையாது என்பது மண்டபத்தில் பெரிய வசதி. ஆனால் வாங்கும் அன்று எடுத்த ரேமோடு கடைசி வரை இருக்க வேண்டும், கூடுதல் ரேமுக்கு அவர்கள் கேட்கும் விலையும் அதிகம். இந்தத் தொகையில் உங்களுக்கு விண்டோஸ்தான் சரி.

சூட்டுக்கு வருவோம். விமர்சனங்களில் வரும் எண்கள் பெரும்பாலும் குளிரூட்டிய அறையில் எடுத்தவை. உங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில், ஏசி இல்லாத அறையில், ஒன்றரை மணி நேரம் எக்ஸ்போர்ட் ஓடும்போது என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. வாங்கிய முதல் வாரத்திலேயே, மாற்றித் தரும் கெடு முடிவதற்குள், இதைச் செய்யுங்கள். எச்டபிள்யூஇன்ஃபோ என்ற, வாட்டையும் சூட்டையும் காட்டும் இலவச மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு, உண்மையான ஒரு கல்யாணப் பிராஜெக்டை எக்ஸ்போர்ட்டில் விடுங்கள். பிராசஸர் முதல் நிமிடத்தில் 100 வாட்டுக்கு மேல்கூடத் தாவும், அதைப் பொருட்படுத்தாதீர்கள். இருபதாவது நிமிடத்தில் எத்தனை வாட்டில் நிலைத்து நிற்கிறது என்று பாருங்கள். 55, 60 என்று அசையாமல் நின்றால் நல்ல இயந்திரம். 35-க்கு இறங்கி, ஏறி, மறுபடி இறங்கினால் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள்.

ஈரோட்டில் இன்னொரு தொல்லை உண்டு. தறிப் பஞ்சு. விசிறிக்குப் பின்னால் இருக்கும் செம்புத் தகடுகளின் இடுக்கில் அது மெத்தை போலப் படிந்துவிடும், வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. வருடத்துக்கு இரண்டு முறை அடித்தட்டைக் கழற்றி ஊதிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். ஊதும்போது விசிறி சுழலாதபடி ஒரு பல்குத்தியால் பிடித்துக்கொள்வது முக்கியம், இல்லையென்றால் விசிறியே பாழாகும்.

திரை காட்டும் நிறங்களின் அளவு 45% என்டிஎஸ்சி என்று போட்டிருந்தால் அந்த மாடலை அங்கேயே விட்டுவிடுங்கள். அந்தத் திரையில் காஞ்சிப் பட்டின் அரக்குச் சிவப்பு வெளிறித் தெரியும். நீங்கள் நிறத்தைக் கூட்டுவீர்கள். பெண் வீட்டார் டிவியில் போட்டால் சேலையின் ஜரிகை, மடிப்பு எதுவும் தெரியாமல் சிவப்பு அப்பிக்கொண்டு நிற்கும். எஸ்ஆர்ஜிபி என்ற வழக்கமான நிற அளவுகோலில் 100% இருக்க வேண்டும். வீட்டில் பழைய மானிட்டரை எச்டிஎம்ஐ வழியாக இணைத்துக்கொள்ளலாம்.

இங்கே ஒரு நுணுக்கம். பல லேப்டாப்களில் கிராபிக்ஸ் அட்டையை நேரடியாகத் திரையோடு இணைக்கும் மக்ஸ் சுவிட்ச் இருக்கிறது. விளையாடுபவர்கள் அதை எப்போதும் தனி அட்டைக்கு மாற்றி வைப்பார்கள். நீங்கள் இன்டெல் கிராபிக்ஸும் தனி அட்டையும் சேர்ந்து இயங்கும் ஹைப்ரிட்டிலேயே விடுங்கள். தனி அட்டைக்கு மாற்றினால் பெரும்பாலான மாடல்களில் இன்டெல் கிராபிக்ஸ் அணைந்து, அதோடு குவிக் சிங்கும் போய்விடும். 50 பிரேமில் ஸ்லோமோஷனுக்காக எச்.265-இல் எடுத்த காட்சிகளைப் பிரிக்க அதுவும் கூட நின்று உதவும்.

மண்டபத்தில் கரண்ட் போனால் எக்ஸ்போர்ட் நிற்காது, ஆனால் பாதி வேகத்துக்கும் கீழே இறங்கிவிடும். அதனால் மேடைப் பக்கம் எந்த பிளக் ஜெனரேட்டரில் இருக்கிறது என்று காலையிலேயே மின்பணியாளரிடம் கேட்டு வையுங்கள். அடாப்டரின் மூன்றாவது பின்னை உடைத்து இரண்டு பின் பிளக்கில் செருகவே கூடாது. எர்த் இல்லாவிட்டால் உலோக உடம்பில் கை வைக்கும்போது சுருக்கென்று இருக்கும், ஒலிப்பதிவிலும் உறுமல் சேரும். வீட்டில் எந்நேரமும் செருகியே வைத்திருப்பீர்கள் என்பதால், நிறுவனத்தின் மென்பொருளில் பேட்டரி 80%-க்கு மேல் ஏறாதபடி வரம்பு வைத்துவிடுங்கள். முகூர்த்தத்துக்கு முந்தின இரவு மட்டும் அதை எடுத்துவிட்டு முழுதாக ஏற்றிக்கொண்டால் போதும்.

பழைய டெஸ்க்டாப்பை விற்காதீர்கள், பெரிய விலையும் கிடைக்காது. ஆறாம் தலைமுறை இன்டெல்லை விண்டோஸ் 11 ஏற்காது, விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. இணையத்தில் இணைக்காமல், முடிந்த கல்யாணங்களின் இரண்டாவது பிரதியை வைக்க அது தாராளமாகப் போதும்.

ஜிஎஸ்டி பதிவு இருந்தால் பில்லை அந்த எண்ணில் வாங்குங்கள், 18% வரியை உள்ளீட்டு வரவாக எடுக்க வழி உண்டு. மூன்று வருட ஆன்சைட் வாரண்டியையும் சேர்த்து எடுங்கள். பணம் கட்டும் முன், பொறியாளர் உங்கள் பின்கோடுக்கு நேரில் வருவாரா, இல்லை கோயம்புத்தூருக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா என்று நிறுவனத்தின் உதவி எண்ணிலேயே கேட்டுவிடுங்கள்.