பிள்ளைகளின் கதையில் அமுச்சிக்கு ஓர் இடம்

கேள்வி: விடுமுறை நாட்களில் என் மகனுக்கும் அவன் நண்பர்கள் மூவருக்கும் மேசையில் ஆடும் ரோல்பிளேயிங் விளையாட்டு (ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டம்) ஒன்றை நடத்தி வருகிறேன். நால்வருக்கும் 13, 14 வயதுப் பாத்திரங்கள். கதை 2003இல் நடக்கிறது. பவானிசாகர் அணையில் தண்ணீர் வற்றி, மூழ்கிக் கிடந்த டணாயக்கன் கோட்டைக் கோயில் வெளியே தெரிகிறது, பிள்ளைகள் அதைத் தேடிப் போகிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த என் அம்மா, “நானும் ஆடறேன் கண்ணு. ஆனா சிறுபுள்ள வேசமெல்லாம் எனக்கு வேண்டாம், கெழவியாவே வாரேன்” என்கிறார். பிள்ளைகள் வளரும் கதையில் 60 வயதுப் பாத்திரத்தை எப்படிச் சேர்ப்பது? பிள்ளைகளின் ஆட்டம் அமுச்சியின், அதாவது பாட்டியின், ஆட்டமாகிவிடுமோ என்று தயங்குகிறேன். – ஓர் ஆசிரியை, சத்தியமங்கலம்

பதில்: சேர்த்துக்கொள்ளுங்கள், அவர் விரும்பியபடி கிழவியாகவே சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் தயக்கமும் நியாயமானதுதான். பெரியவர் ஒருவர் வாய் திறந்துவிட்டால் பேச்சு அத்தோடு முடிந்தது என்பது நம் வீடுகளின் வழக்கம். அந்த வழக்கம் மேசைக்கும் வந்துவிட்டால், பகடையை உருட்டுமுன் நான்கு பிள்ளைகளும் அமுச்சியின் முகத்தைப் பார்ப்பார்கள். ஆகவே அமுச்சிக்கு என்னென்ன கொடுக்கலாம் என்று யோசிக்கும் முன்பே, கடைசி முடிவு பிள்ளைகளுடையது என்பதை அம்மாவிடம் தனியாகச் சொல்லி ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.

வயதை எண்களாக்கும் விதிகளை நம்பி இதைத் தீர்க்க முடியாது. இவ்வகை ஆட்டங்களில் புகழ்பெற்ற டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் 2000ஆம் ஆண்டுப் பதிப்பில் மனிதப் பாத்திரத்துக்கு 35, 53, 70 வயதுகளில் உடல் சார்ந்த திறன்கள் குறையும், அறிவு சார்ந்தவை கூடும்; 2014 பதிப்பில் அந்தக் கணக்கே இல்லை. பிள்ளைகளோடு ஆடும்போது அந்தப் பழைய கணக்கைக் கையில் எடுத்தால், எல்லாரிலும் அறிவு மிகுந்தவர் அமுச்சிதான் என்று விதியே எழுதிக் கொடுத்ததாகிவிடும். 10 முதல் 15 வயதுப் பிள்ளைகளே பாத்திரங்களாக வரும் டேல்ஸ் ஃப்ரம் தி லூப் விளையாட்டின் கணக்கு எனக்கு மிகவும் பிடிக்கும். அதில் பாத்திரத்தின் வயது எவ்வளவோ அவ்வளவு திறன் புள்ளிகள். 15இலிருந்து வயதைக் கழித்தால் வருவது அதிர்ஷ்டப் புள்ளிகள். 10 வயதுக் குழந்தைக்குத் திறன் குறைவு, ஆனால் தவறிய பகடையை மறுபடி உருட்ட ஐந்து வாய்ப்புகள் உண்டு. 15 வயதுப் பிள்ளைக்கு அப்படி ஒன்றுகூட இல்லை. வயது ஒன்றைக் கொடுக்கும்போதே இன்னொன்றை எடுத்துக்கொள்கிறது என்ற அந்த எண்ணத்தை மட்டும் அமுச்சிக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கதைக்களத்திலேயே ஒரு பெரிய வாய்ப்பு இருக்கிறது. அணை கட்டி முடிந்தது 1955இல். கதை நடக்கும் 2003இல் அமுச்சிக்கு 60 வயது என்றால், தண்ணீர் ஊருக்குள் வந்தபோது அவருக்கு 12 வயது. ஏறக்குறைய இந்தப் பிள்ளைகளின் வயதுதான். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவராக அவரை ஆக்கிவிடுங்கள். எந்தத் தெருவில் கிணறு இருந்தது, கோயிலின் எந்தச் சுவரில் மாடக்குழி இருந்தது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆனால் அவர் மனத்தில் உள்ளது 48 ஆண்டுகளுக்கு முந்தைய ஊர்; இப்போது தெருவின் மேல் வண்டல் படிந்திருக்கிறது, சுவர் சரிந்திருக்கிறது, கிணறு இருந்த இடம் சேறு. அவர் சொல்வது பொய்யாக இருக்காது, ஆனால் அப்படியே பயன்படவும் செய்யாது. பரிசலிலிருந்து இறங்கிச் சேற்றில் கால் வைத்துப் பார்த்து, “இங்கே இல்லை அமுச்சி, பத்தடி தள்ளி இருக்கிறது” என்று பிள்ளைகள்தாம் சொல்ல வேண்டும். அப்போது இரு தரப்புக்கும் மற்றவர் தேவைப்படுவார்.

அதற்கும் மேலே ஒன்று வேண்டும். ஊரைக் காலி செய்த நாளில் அந்த 12 வயதுப் பெண் செய்யாமல் விட்டது என்ன? தோழியிடம் திருப்பித் தராத ஒரு பொருளாக இருக்கலாம், சொல்லாமல் மறைத்த ஓர் உண்மையாக இருக்கலாம். அதை நீங்கள் தீர்மானிக்காதீர்கள். அம்மாவையே யோசித்து வைக்கச் சொல்லுங்கள், பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாம். வளரும் பருவத்துக் கதையில் பெரியவர் வழிகாட்டியாக மட்டும் வந்து நின்றால் அவர் கைகாட்டி மரம்போல் ஆகிவிடுவார். அவருக்குள்ளும் வளராமல் நின்றுபோன ஒரு பிள்ளை இருந்தால்தான் அவரும் அந்தக் கதையின் ஆள்.

விதியாக ஒன்றே ஒன்று சேர்க்கச் சொல்வேன். கம்பராமாயணத்தில் கடலைத் தாண்ட வேண்டிய நேரத்தில் முதியவனான சாம்பவன் தான் தாண்டப் போவதில்லை. தன் வலிமையை அறியாமல் இருந்த அனுமனிடம் அவன் யார் என்று எடுத்துச் சொல்கிறான். அதையே மேசைக்குக் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு அமர்விலும் ஒரு முறை, ஒரு பிள்ளையின் பகடை தவறும்போது, அந்தப் பிள்ளை முன்பு ஆட்டத்தில் துணிந்து செய்த ஒரு செயலை அமுச்சி நினைவூட்டலாம். பிள்ளை மறுபடி உருட்டலாம். நினைவூட்டுவது ஆட்டத்தில் உண்மையாகவே நடந்ததாக இருக்க வேண்டும் என்பது முக்கியம். அதற்கு உங்கள் அம்மா ஒவ்வொரு பிள்ளையின் ஆட்டத்தையும் காது கொடுத்துக் கேட்டாக வேண்டும். தன் பேச்சை அமுச்சி கவனித்திருக்கிறார் என்று ஒரு பையன் அறியும் கணம், எந்தப் புதையலைவிடவும் உங்கள் ஆட்டத்துக்குச் சிறப்பு.

காலக்கெடுவுக்கு அணையின் நீர்மட்டமே போதும். ஒவ்வொரு அமர்வின் தொடக்கத்திலும் செய்தித்தாளில் வந்ததுபோல் நீங்கள் கற்பனையாக ஒரு மட்டத்தை வாசியுங்கள். நீலகிரியில் மழை பிடித்தால் அந்த எண் ஏறும், கோயில் மறையத் தொடங்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் பக்குவப்பட வேண்டும் என்பதற்காகப் பெரியவரைச் சாகடிக்கும் பழக்கம் இவ்வகைக் கதைகளில் நிறைய உண்டு. சொந்த அமுச்சி எதிரே உட்கார்ந்திருக்கும் மேசையில் அதைச் செய்ய வேண்டாம்.

கேள்வி: எங்கள் குழுவில் மற்றவர்கள் இளையவர்கள், ஒருவர் மட்டும் ஓய்வு பெற்ற படைவீரராக ஆடுகிறார். எல்லாச் சிக்கலையும் அவரே முடித்துவிடுகிறார். அவருடைய திறனைக் குறைக்கலாமா? – வாசகர், பொள்ளாச்சி

பதில்: குறைக்க வேண்டாம், அவர் முகம் ஊருக்கே தெரிந்த முகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர் மாட்டுச் சந்தையிலேயே ஒரு காட்சி அமையுங்கள். துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசும் முறை அவருக்குத் தெரியும். ஆனால் அவரைக் கண்டதும் எதிராளி நழுவிவிடுவான். எனவே முதல்நாள் இரவே எந்த விரலுக்கு என்ன கணக்கு என்று ஓர் இளையவருக்கு அவர் கற்றுக்கொடுக்க வேண்டும்; மறுநாள் துண்டுக்குள் கை நுழைப்பது அந்த இளையவர். தாத்தா வேலிக்கு வெளியே, வண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பார்.