உள்ளங்கால் மச்சம் பரவுகிறது: சுட்டு எடுக்கலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 57. வலது உள்ளங்காலில், குதிகாலை ஒட்டி மிளகு அளவில் ஒரு கறுப்பு மச்சம் இருந்தது. பொங்கலுக்குப் பிறகு அது பரவி, ஓரமெல்லாம் கோணல்மாணலாகிவிட்டது. வலியோ அரிப்போ இல்லை. தோட்டத்தில் வெறுங்காலோடு நடப்பவர், முள் குத்திய தழும்பு என்கிறார். அழகு நிலையத்தில் சுட்டு எடுத்துவிடலாம் என்கிறாள் என் தங்கை. கத்தி பட்டால் புற்றாகப் பரவிவிடும் என்கிறார் மாமா. டாக்டரிடம் காட்டுவதா, இன்னும் கொஞ்ச நாள் பார்ப்பதா?
– வாசகி, தேனி மாவட்டம்

பதில்: காட்டுங்கள். ஓரிரு வாரத்துக்குள் தோல் மருத்துவரிடம் கூட்டிப் போய்விடுங்கள். ராத்திரியோடு ராத்திரியாக ஓட வேண்டியதில்லை. அறுவடை முடியட்டும் என்று தள்ளிப்போடவும் கூடாது. இந்த வயதில் உள்ளங்கால் மச்சம் மாதக்கணக்கில் பரவுகிறது என்றால் அந்த ஒரு காரணமே போதும். வலி இல்லாததை ஆறுதலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மெலனோமா என்ற தோல் புற்று ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது.

அது நம்மிடையே அரிதான நோய்தான். ஆனால் மாநிறத்தவருக்கும் கறுப்பு நிறத்தவருக்கும் வரும்போது, வெயிலே படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடியில்தான் பெரும்பாலும் வருகிறது. ஜமைக்கா பாடகர் பாப் மார்லிக்கு 1977-ல் கால் பெருவிரல் நகத்தடியில் கண்டுபிடிக்கப்பட்டது இதுதான். முதலில் கால்பந்து ஆடியபோது பட்ட அடி என்றே நினைத்தார்கள். 1981-ல், 36 வயதில் இறந்தார். மச்சம் 6 மி.மீ.க்கு மேல் வளர்ந்தால் சந்தேகப்படு என்ற விதியைப் படித்திருப்பீர்கள். பாதத்தில் அந்த அளவு வரும்வரை காத்திருப்பது தப்பு.

முள் தைத்து உள்ளே தங்கியிருந்தால் அழுத்தும்போது வலிக்கும், சீழ் கோக்கும். மாதக்கணக்கில் சத்தமில்லாமல் பரவாது. கால் ஆணி தடித்து, மிதித்தால் வலிக்கும். பாத மருவில் ஊசிமுனை போன்ற கரும்புள்ளிகள் தெரியும். குதிகாலில் உராய்வால் ரத்தம் கட்டியும் கறுக்கும். டாக்டர் மேல்தோலைப் பிளேடால் லேசாகச் சீவினாலே அது போய்விடும். வீட்டில் நீங்கள் சீவிப் பார்க்காதீர்கள்.

சுடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். சுட்டால் சதை கருகிவிடும், பரிசோதனைக்கு அனுப்ப ஒன்றும் மிஞ்சாது. புற்றாக இருந்தால் மேலே ஆறி, அடியில் அது பாட்டுக்கு வளரும். தோலுக்குள் எத்தனை மி.மீ. ஆழம் இறங்கியிருக்கிறது என்பதை வைத்தே சிகிச்சை முடிவாகும். 1 மி.மீ.க்குள் என்றால் சுற்றிலும் 1 செ.மீ. விட்டு வெட்டினால் பெரும்பாலும் போதும், 2 மி.மீ.க்கு மேல் போனால் 2 செ.மீ. வெட்ட வேண்டும், நிணநீர்க் கட்டியையும் சோதிக்க வேண்டும். சுட்டுவிட்ட இடத்தில் அந்த ஆழத்தை அளக்க வழியில்லை. சுண்ணாம்பு வைப்பது, ஆசிட் தடவுவது, நூல் கட்டி அறுப்பது எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்.

மாமாவின் பயத்துக்கு வருவோம். பயாப்சிக்குத் துண்டு எடுப்பதால் புற்று பரவாது. முற்றிய பிறகு வந்தவர்களுக்கு வெட்டும்போது ஏற்கெனவே பரவியிருக்கும். பழி கத்தி மேல் விழுந்துவிடுகிறது.

கிளம்பும் முன் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பழைய படம் இருந்தால் அதையும் கொண்டு போங்கள். காலில் மருதாணி, நகத்தில் பாலிஷ் வேண்டாம்; நிறத்தை மறைத்துவிடும். சர்க்கரை, ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை விவரம் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவிலேயே காட்டலாம். விரலிடுக்கையும் நகங்களையும், தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

டெர்மோஸ்கோப் என்ற உருப்பெருக்கி வழியாகப் பார்ப்பார்கள். கைரேகை போல உள்ளங்காலிலும் மேடும் பள்ளமுமாகக் கோடுகள் உண்டு. நிறம் பள்ளத்தில் ஓடினால் பெரும்பாலும் சாதாரண மச்சம். மேட்டில் படிந்திருந்தால் சந்தேகம். சந்தேகம் வந்தால் மரத்துப்போக ஊசி போட்டு, சிறியதாக இருந்தால் சுற்றி 1 முதல் 3 மி.மீ. விட்டு முழுதாக எடுப்பார்கள். பெரிதாக இருந்தால் மிகக் கறுத்த அல்லது தடித்த இடத்தில் துண்டு எடுப்பார்கள். உள்ளங்காலில் தையல் இரண்டு வாரமாவது இருக்கும். அதுவரை தோட்டத்துக்குப் போக முடியாது, வேலைக்கு ஆள் பார்த்துவையுங்கள்.

ரிப்போர்ட்டின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். துண்டைப் பதித்த மெழுகுக் கட்டியும் கண்ணாடித் தகடும் ஆய்வகத்தில் இருக்கும். வேறு டாக்டரின் கருத்து தேவைப்பட்டால் அவற்றைத்தான் கேட்பார்கள். “இப்போதைக்கு எடுக்க வேண்டாம், மூன்று மாதம் கழித்து வாருங்கள்” என்று சொன்னால் தேதியைக் குறித்துவைத்து, அதே போட்டோவோடு போங்கள். நடுவில் ரத்தம் கசிந்தாலோ புண்ணானாலோ அந்தத் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம்.